சிவப்புச் சட்டியில் வெந்த மீன்

கனடாவின் மொன்றியலில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு யூதச் சமூக நிலையத்தின் சமையலறையில். ஐரோப்பாவிலிருந்து அகதிகளாக வந்த யூதர்கள் ஒருகாலத்தில் அங்கேதான் ஆங்கிலம் படித்தார்கள், வேலை தேடினார்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து நாங்கள் வந்து இறங்கியபோது அவர்களுக்கு வயது போய்விட்டது. மதியச் சாப்பாட்டுக்கு அதே மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அங்கே கோப்பை கழுவிய சிவம் அண்ணைதான் எனக்காகக் கதைத்து வேலை எடுத்துத் தந்தவர். நான் பிழை விட்டால் அவருடைய வேலையும் ஆட்டம் காணும்.

சமையலறைப் பொறுப்பாளர் எஸ்தர் முதல் நாளே கோஷர் என்ற யூத உணவு விதியைச் சொல்லித் தந்தார். சிவப்புப் பூசிய சட்டி இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. இரண்டும் சேரவே கூடாது. எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. எங்கள் வீட்டிலும் மீனும் இறைச்சியும் சமைக்கும் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. இதையெல்லாம் எனக்குப் படிப்பிக்க வேண்டுமா?

"வடிவா விளங்கினதோ?" என்று சிவம் அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை. இது எனக்குத் தெரிஞ்சதுதானே."

அந்தக் கிழமையே ஒரு நாள் எஸ்தர் மீனை அவியப் போடச் சொன்னார். நான் யோசிக்கவேயில்லை. மீன் என்றால் மச்சம். சிவப்புச் சட்டியை எடுத்தேன்.

மண்டபத்தில் எல்லோரும் வந்து அமர்ந்துவிட்டார்கள். பாலும் வெண்ணெயும் கலந்த சோஸை மீனில் ஊற்றச் சரித்த எஸ்தர், சட்டியின் நிறத்தைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார்.

"ஆர் இதில போட்டது?"

"நான்தான். மீன்தானே?"

"மீன் இறைச்சியில்லை. பாலோட சாப்பிடலாம். ஆனா இறைச்சிச் சட்டியில வெந்தா, பால் கிட்டவும் வரக்கூடாது."

மீன் இறைச்சியில்லை என்று என் வாழ்நாளில் அன்றுதான் கேள்விப்பட்டேன். சிவம் அண்ணையின் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஏனடா ஒரு வார்த்தை கேக்கேல்லை?" என்றார். ஊரில் அவருடைய பிள்ளைகள் மூவரும் அவர் அனுப்புவதில்தான் சாப்பிட்டார்கள்.

எஸ்தர் சமையலறையை மேற்பார்வை செய்யும் யூத மதகுருவான ரபைக்குத் தொலைபேசி எடுத்தார். நாங்கள் இருவரும் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கழுவிக் காய்ந்த சட்டி என்பதால் மீனைச் சாப்பிடலாம் என்றாராம் ரபை. ஆனால் பால் பொருள் எதுவும் அதோடு சேரக்கூடாது. சோஸை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, மேசைகளில் இருந்த வெண்ணெயை எடுக்க ஓடினோம்.

ஒரு கிழவர் வெண்ணெய் பூசிய பாணை விடமாட்டேன் என்றார். "எத்தினை வருசமா இஞ்ச வாறன். ஆரும் என்ரை பாணைப் பறிச்சதில்லை." கோவிலில் நிற்பதுபோல் கும்பிட்டுத்தான் வாங்கினேன். மீனுக்கு எலுமிச்சம்புளி மட்டும் பிழிந்து பரிமாறினோம்.

எல்லாம் முடிந்த பிறகு எஸ்தர் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே போனேன். ஏன் சிவப்பை எடுத்தாய் என்று கேட்டார். எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன்.

"அப்ப முட்டை?"

"அதுவும் மச்சம்தான்."

எஸ்தர் தலையில் கை வைத்தார். "ஏப்ரனைக் கட்டு. நாளைக்கு முட்டை. அடுப்பில வைக்க முதல் என்னட்டக் கேள்."

பின்னாளில் அந்தச் சமையலறை என் பொறுப்பில் வந்தது. ஒன்றும் விளங்கவில்லை என்று முழிக்கும் புதியவர்களால் எனக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்லை. சொல்லி முடிக்க முதல் தலையாட்டுபவரை மட்டும் அடுப்படியில் தனியே விடமாட்டேன்.