கார் அண்ணையின் மொழிபெயர்ப்பு

கார் ஓடப் பழகுகிறவர்களுக்கென்று எண்ணெயும் தண்ணீரும் விட்டு வழவழப்பாக்கிய தளத்தில் கார் பக்கவாட்டாக இழுபட்டது இன்றும் நினைவிருக்கிறது. சுற்றிவரப் பழைய பனி அழுக்காகக் கிடந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், கிளச்சை மிதித்தேன், சறுக்குகிற பக்கத்தைப் பாராமல் போகவேண்டிய பக்கத்தைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்பினேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நேரே வந்து நின்றது. அடையாளத்துக்கு வைத்திருந்த ரப்பர்க் கூம்புகளில் ஒன்றுகூட விழவில்லை. பக்கத்திலிருந்த டேனிஷ் ஆசிரியர் தலையை ஆட்டிச் சிரித்தார். எனக்கு மொழிபெயர்க்கவென்று பின் இருக்கையில் வந்திருந்த கார் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்தில் எங்கள் தமிழ் ஆட்கள் சில குடும்பங்கள்தான். அவர்களுக்குள் லைசென்சும் காரும் இருந்தவர் அவர் ஒருவரே, கார் அண்ணை என்ற பெயரும் அதனால் வந்ததுதான். ஆஸ்பத்திரிக்கு, தேவாலயத்துப் பூசைக்கு, அரிசிமூட்டை ஏற்ற, எதற்கும் அவர்தான். ஒரு சதம் வாங்கமாட்டார், அந்த விஷயத்தில் சுத்தமான மனிதர். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் நல்ல கதிரை அவருக்கு, கோழிக்கறியில் கால் அவருக்கு. யாரோடாவது கோபமென்றால் அந்த வீட்டார் அந்த ஞாயிறு பூசை காணமாட்டார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம், அவர் இல்லாத நேரம் பார்த்து.

நான் யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தவள். இங்கே வந்து துணித் தொழிற்சாலையில் சட்டைகளுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தேன். நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் என்னை எடுக்கச் சம்மதித்தார்கள். பாஷை வேலை செய்யச் செய்ய வரும், ஆனால் காலை வேலை முதல் பஸ்ஸுக்கு முன்பே தொடங்கிவிடும், பனிக்காலம் முடிவதற்குள் லைசென்சோடு வா என்றாள் அங்கே பொறுப்பாக இருந்த பெண். ஒரு மனிதரின் நாடியை மறுபடி என் விரலால் பிடித்துப் பார்ப்பேன் என்ற ஆசையில் எனக்கு நித்திரையே வரவில்லை. சறுக்குத் தளத்தில் கார் ஓடிக் காட்டாமல் பரீட்சைக்கு விடமாட்டார்கள். அதற்குத்தான் அண்ணையைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன்.

கார் நின்றதும் ஆசிரியர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். அண்ணை முந்திக்கொண்டு நீளமாகப் பதில் சொன்னார். ஆசிரியரின் முகம் மாறியது. என் தோளில் மெல்லத் தட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

"தங்கச்சி, இது காணாதாம். இன்னும் கொஞ்சக் காலம் பழகிப்போட்டு வரட்டாம்" என்றார் அண்ணை.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குத் தேறுதல் சொன்னார். "உங்களுக்கு இந்தப் பனியிலை என்னத்துக்கு உந்த வேலை? எங்கை போறதெண்டாலும் நான் இருக்கிறன்தானே." நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன், அவருக்கு நன்றிகூடச் சொன்னேன். முதியோர் இல்லத்து வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அதற்குப் பிறகு அப்படியொரு வேலை எனக்கு வாய்க்கவே இல்லை.

அடுத்த பனிக்காலத்தில், கொஞ்சம் டேனிஷ் பிடிபட்டதும், யாரையும் கூப்பிடாமல் தனியே போனேன். அதே ஆசிரியர். எனக்கு விளங்கவேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: போனமுறை மாதிரி, பயமாயிருக்கிறது, நிறுத்துங்கள் என்று இந்தமுறையும் சொல்லுவாயா? நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று பதில் சொல்ல என்னிடம் அவ்வளவு டேனிஷ் இருக்கவில்லை. ஓடிக் காட்டினேன். லைசென்ஸ் கிடைத்தது.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "அவரின்ரை டேனிஷ் அவ்வளவுதான். பிழையாய் விளங்கியிருப்பார், பாவம்" என்றார். நானும் அதையே இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்வது? பிரசவ வலியில் துடித்த என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவரும் அவர்தானே.

இப்போது அவருக்குக் கண் சரியில்லை, லைசென்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனைவியும் காலமாகிவிட்டார். ஞாயிறுகளில் இப்போது அவர் இருக்கும் கிராமத்துக்குப் போய் நான்தான் அவரைத் தமிழ்ப் பூசைக்கு ஏற்றிவருவேன். சென்ற மாசியில் பூசைக்குப் போகும் வழியில், புதுப்பனி கொட்டியிருந்த ஒரு வளைவில் காரின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. திருப்பி நேராக்கினேன். அண்ணை சந்தோஷமாகச் சிரித்தார்.

"அண்டைக்கும் வடிவாய்த்தான் திருப்பினியள், தங்கச்சி. நான்தான் அந்த மாஸ்டருக்கு, இவ பயப்பிடுறா, நிப்பாட்டச் சொல்லுறா எண்டு சொன்னனான்."

"ஏன் அண்ணை?"

"எல்லாரும் கார் ஓடப் பழகினால் பிறகு என்னை ஆர் கூப்பிடுறது?"

பழைய பகிடியொன்றைச் சொல்வதுபோலச் சொன்னார், நானும் சிரிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தெரியாமல் செய்திருக்கலாம் என்ற ஒரு சாக்கை இத்தனை வருடமும் அவருக்காக நான்தான் காப்பாற்றி வைத்திருந்தேன். அவருக்கு அது தேவைப்படவே இல்லை.

பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் நான் அவர் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் அவரை வீட்டுக்குக் கொண்டுபோய், வாசலில் வழுக்கும் என்று முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

"அடுத்த ஞாயிறும் இதே நேரம்தானே, தங்கச்சி?"

"இல்லை அண்ணை. அடுத்த ஞாயிறு பஸ்ஸிலை வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிராமத்துக்குப் பஸ் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.