படிவத்தில் எழுதாத பட்டம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, என் மகளுக்குப் பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த அடுத்த மாதம் நடந்தது இது. மலாக்காவில் செங் பகுதியில் இருக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், ஆள் எடுக்கும் பிரிவில் நான் குமாஸ்தா. வேலை கேட்டு வருகிறவர்களின் படிவத்தை முதலில் பார்ப்பது நான்தான். பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் ‘கஸ்டம்ஸ் அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது என் காதுக்கும் வந்தது. கோபம் வந்தது மாதிரி காட்டிக்கொண்டாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வீடு பாச்சாங்கில். பிறந்து வளர்ந்தது ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அம்மா இருவரும் பால்மரம் சீவியவர்கள். எங்கள் சொந்தத்தில் ஏர்கோன் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான்தான் என்று சொல்வார்கள். கணவர் லாரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள்.

அவளுடைய தேர்வு முடிவு நன்றாகவே வந்திருந்தது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் குறை சொல்லவும் முடியாது. அவள் ஆறாம் படிவ வகுப்புக்கு, அதுதான் ஃபார்ம் சிக்ஸுக்கு, போகிறேன் என்றாள். அரசாங்கப் பள்ளி, பெரிய செலவில்லை, ஒன்றரை வருடம் படித்துத் தேர்வு எழுதினால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு வழி உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாமான் குடியிருப்பில் அவளோடு படித்த பிள்ளைகள் எல்லாம் கோலாலம்பூர் பக்கம் காலேஜ் என்று பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். என் பெண் மட்டும் மறுபடியும் பள்ளிச் சீருடை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதா என்று எனக்குள் ஒரு குமைச்சல்.

ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனோம். கண்ணாடிக் கட்டடம், உள்ளே லிஃப்ட், நூலகத்தில் மெத்தை நாற்காலி. உயிர்மருத்துவ அறிவியல் என்று ஒரு படிப்பைச் சொன்னார்கள். பெயரைக் கேட்டபோதே டாக்டருக்குப் பக்கத்து வீடு மாதிரி இருந்தது. நான் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் கட்டணத்தில் கழிவு உண்டு என்றார்கள். மீதிக்கு மகள் பேரில் கல்விக் கடன், அது போக மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்திருந்த எங்கள் இருவரின் சேமநிதி. கணவருக்கு முழங்கால் போய்விட்டது. ஐம்பத்தைந்து வயதில் லாரியை விட்டு இறங்கிவிடலாம் என்று அவர் நம்பியிருந்தது அந்தச் சேமநிதியைத்தான். ஆனாலும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. மகள் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே கையில் கொடுத்துவிட்ட, இடம் கிடைத்த கடிதத்தை மறுநாளே கோயிலுக்கு எடுத்துப் போனேன். எங்கள் பக்கம் அது வழக்கம். அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு கடிதத்தையும் வைத்துக் கொடுத்தால், குருக்கள் அம்மன் காலடியில் வைத்து, பிள்ளையின் பேரும் நட்சத்திரமும் சொல்லித் திருப்பித் தருவார். குங்குமம் பட்ட கடிதத்தை வாங்கியபோது சுற்றி நின்றவர்கள் என்ன படிப்பு என்று விசாரித்தார்கள். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அதோடு எனக்கு அந்த விஷயம் முடிந்துபோனது. இனி பணம் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்த வாரம் புதன்கிழமை எங்கள் தொழிற்சாலையில் இயந்திரத்தில் நிற்கும் ஓப்பரேட்டர் வேலைக்கு ஆள் எடுத்தோம். பத்து மணி வாக்கில் ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். நம் தமிழ்ப் பிள்ளைதான். படிவத்தில் கல்வி என்ற இடத்தில் எஸ்.பி.எம். என்று மட்டும் எழுதியிருந்தாள். பள்ளி முடித்ததிலிருந்து அன்றுவரை நடுவில் ஐந்தாறு வருடம் காலி. ‘குடும்பத்துக்கு உதவியாக இருந்தேன்’ என்று போட்டிருந்தாள். அப்படிக் காலியாக ஓர் இடம் கண்ணில் பட்டால் எனக்குச் சும்மா இருக்க வராது.

சான்றிதழைக் கேட்டேன். கோப்பைத் திறந்து பிளாஸ்டிக் உறையோடு நீட்டினாள். நகல் எடுப்பதற்காக உறைக்குள்ளிருந்து தாளை இழுத்தபோது, பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த இன்னொரு தாளும் சேர்ந்து வந்தது. தங்க நிற முத்திரை. உயிர்த்தொழில்நுட்பத்தில் இளங்கலைப் பட்டம். கொடுத்திருந்தது வேறொரு தனியார் பல்கலைக்கழகம்.

“என்னம்மா இது?” என்றேன்.

“படிச்சது கா.”

“படிவத்துல ஏன் எழுதல?”

“எழுதினா கூப்பிட மாட்டாங்க கா. ஒரு வருசமா எழுதித்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். பேக்டரியில ஓவர் குவாலிஃபைட்னு சொல்லிட்டாங்க. ஆபீஸ்ல எக்ஸ்பீரியன்ஸ் இல்லன்னாங்க.”

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. படித்த பிள்ளை நீயே மறைத்து எழுதலாமா, இங்கே படிவத்தில் ஒரு தகவல் தப்பென்றால் அதற்கு மேல் பேச்சே கிடையாது தெரியுமா என்று, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டுவிட்டேன். படிவத்தின் மூலையில் நிராகரிப்புக் குறியும் போட்டேன். அவள் அழவில்லை. இரண்டு தாளையும் ஓரம் சேர்த்து, எஸ்.பி.எம். முன்னால் வரும்படி மறுபடி உறைக்குள் போட்டாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு வீட்டில் இருக்கும் குங்குமக் கடிதம் நினைவுக்கு வந்தது. குரலைத் தாழ்த்தி, சேரும்போது இதையெல்லாம் விசாரிக்கவில்லையா என்று கேட்டேன்.

“விசாரிச்சோம் கா. ஹாஸ்டல்ல சோறு நல்லாருக்குமா, ராத்திரி ஜாகா இருப்பாரா, பக்கத்துல கோயில் இருக்கான்னு அப்பா எல்லாம் கேட்டாரு. எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு கா.”

போன சனிக்கிழமை அந்தக் கண்ணாடிக் கட்டடத்தில் நான் கேட்டதும் இவைதான். சோறு, காவலுக்கு ஜாகா, கோயில். கூடுதலாகத் துணி துவைக்கும் இயந்திரம் உண்டா என்று ஒரு கேள்வி. இருபது வருடமாக வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் படிப்புக்கு யார் வேலை தருவார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் எழுந்து நின்றவள் போகாமல் தயங்கினாள். “வெளிய அப்பா நிக்கிறாரு கா. ஆபீஸ் வேலைக்கு இண்டர்வியூன்னு சொல்லித்தான் வந்தேன். அவரு ஏதாச்சும் கேட்டா...” என்றவள், முடிக்காமலே முகம் கழுவக் கழிவறைப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்து வர வேண்டியவர்களின் பட்டியலைக் கொடுக்க நான் வாசலில் இருக்கும் ஜாகா கொட்டகைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே மர நிழலில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று, பக்கத்தில் அவர். கோயிலுக்குப் போடுகிற மாதிரி ஒரு சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. கையைப் பார்த்தாலே செம்பனைத் தோட்டத்தில் குலை அறுக்கிறவர் என்று தெரிந்தது. ஒரு பையில் ரொட்டி வைத்திருந்தார். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

“ஆபீஸ்ல இருக்கீங்களா தங்கச்சி? எம்மக உள்ள வந்திருக்கு. காலையில பசியாறாமயே வந்திருச்சு. டிகிரி முடிச்ச பிள்ள. ஆபீஸ் வேலதானேம்மா?”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “ஆமாண்ணே, ஆபீஸ்தான்” என்றேன். கிடைக்குமா என்று கேட்டார். “நல்லா பதில் சொல்லுச்சுண்ணே. கூப்பிடுவாங்க” என்றேன்.

“சேமநிதியில எடுக்க விட்டதெல்லாம் எடுத்துக் கட்டினேன் தங்கச்சி. வீணாப் போகல” என்றார்.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். நான் கடைசியாகச் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள். “போலாம்ப்பா” என்று மோட்டாரில் பின்னால் ஏறி, கோப்பைத் தனக்கும் அப்பா முதுகுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அவர் எனக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒரு பொய்க்காக அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிய நான், வாசலில் நின்றபடி இரண்டு பொய் சொல்லிவிட்டு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். மனது கேட்கவில்லை. அவளுடைய படிவத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். பட்டதாரிப் பெண், நம் சோதனைக்கூடத்தில் ஏதாவது பார்க்கலாமா என்றேன். அங்கே ஆள் தேவையில்லை என்றார். அப்படியானால் ஓப்பரேட்டராகவாவது எடுக்கலாமே என்றேன். அவர் சீனர், நல்ல மனிதர், கடிந்துகூடப் பேச மாட்டார். பட்டதாரிகள் மூன்று மாதத்தில் ஓடிவிடுவார்கள், எடுக்க வேண்டாம் என்று அந்த விதியை எழுதச் சொன்னதே நீதானே என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உண்மைதான். சில வருடத்துக்கு முன்னால் நான் சொன்னதுதான். எத்தனை பிள்ளைகள் அந்த ஒரு வரியால் திரும்பிப் போனார்களோ தெரியாது.

அன்று சாயங்காலம் வீட்டில் மகளிடம், உனக்கு என்னதான் படிக்க ஆசை என்று கேட்டேன்.

“நான் அன்னிக்கே சொன்னேன்லம்மா. ஃபார்ம் சிக்ஸ்” என்றாள். அவ்வளவுதான், கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எத்தனை நாளாக அவள் என்னிடம் சொல்வதையே விட்டுவிட்டாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

கணவருக்கு வேறு பயம். “சாமி காலடியில வச்சிட்டோமே, இப்ப வேணாம்னா தப்பில்லையா?” என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கடிதத்தைத்தானே வைத்தோம், பிள்ளையை வைக்கவில்லையே என்று அவருக்கும் சேர்த்து எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். போன வருடம் இந்தப் படிப்பை முடித்த பிள்ளைகள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டேன். பேசிய பெண் மரியாதையானவள். விசாரித்துச் சொல்கிறேன் என்றவள், தானாகவே, “நானும் இங்கதான் ஆன்ட்டி படிச்சேன். அதே கோர்ஸ்தான்” என்றாள். வெள்ளிக்கிழமை பணம் கட்டவில்லை.

தனியார் பல்கலைக்கழகம் எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. என்னோடு வேலை செய்யும் ஒருவரின் மகன் தனியாரில்தான் கணக்கியல் படித்தான், படிப்பு முடிவதற்குள் வேலையோடு வந்தான். அவர் போய்க் கேட்ட கேள்விகள் வேறு. நான்தான் படிப்பை வாங்கப் போன இடத்தில் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வந்தேன். மகள் சீருடை போட்டுக்கொண்டு ஆறாம் படிவம் போனாள். பணம் புரளவில்லையா என்று சொந்தத்தில் கேட்டவர்களுக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது கிழக்குக்கரைப் பக்கம் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுக்கும் வேலை கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டாலும் அவள் அப்பா முழங்கால் வலியோடு அறுபது வயதுவரை லாரி ஓட்ட வேண்டியதில்லை.

அந்தப் பெண்ணின் படிவத்தை நான் கிழிக்கவில்லை, என் இழுப்பறையில் வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்துச் சோதனைக்கூடத்தில் ஓர் இடம் காலியானது. பட்டதாரிகள் பற்றிய அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி மேனேஜரிடம் அதற்கு முன்பே பேசியிருந்தேன். படிவத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தது அவள் இல்லை, அப்பா. நான் யார் என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“அன்னிக்கு வாசல்ல பேசினீங்களே, அந்தத் தங்கச்சியா? பிள்ள இப்ப சிங்கப்பூர்ல இருக்கும்மா. ஆபீஸ் வேல” என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். நீங்கள் அன்றைக்கே சொன்னீர்களே என்று எனக்கு நன்றி வேறு சொன்னார்.

இன்று பிள்ளையைத் தனியாரில் சேர்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டீர்களா என்று விடாமல் பிடித்துக்கொள்கிறேன். அந்த ஒரு கேள்வியை, பிள்ளை அங்கே எந்த ஆபீஸில் வேலை செய்கிறாள் என்று, அந்த அண்ணனிடம் மட்டும் அன்று என்னால் கேட்க முடியவில்லை, சந்தோஷம்ணே என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.