மூன்று கடிதங்களில் இருந்த சொல்

அவர் பெயரை நான் கேட்டதில்லை. வேலை முடிந்து மார்க்ஸ் டோர்மோய் நிலையத்துக்குத் திரும்பும் மெத்ரோ ரயிலில் ஒரு மாதமாக என் எதிரே உட்கார்ந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும். உணவகத்தில் கோப்பை கழுவிக் கழுவி விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பிரெஞ்சு படிக்கவென்று ஒரு சிறுவர் கதைப் புத்தகம் வைத்திருந்தார். அட்டையில், வெள்ளைக்கார அதிகாரி முன்னால் நிமிர்ந்து நிற்கும் ஓர் ஆபிரிக்க இளவரசி. அவளுக்குப் பன்னிரண்டு வயதுதான் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டுமுன் அவர் விரல்களைக் காற்சட்டையில் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, நாட்டைத் தா எண்டு அவன் கேக்கிறான். இவள் என்ன சொல்லுறாள்?"

"ழெ ரெஃப்யூஸ். மறுக்கிறன், மாட்டன் எண்டு சொல்லுறாள், அண்ணை."

அவர் அந்தச் சொல்லை விரலால் தடவினார்.

"என்ரை அகதிக் கேசுக்கு வந்த கடிதம் மூண்டிலையும் இந்தச் சொல்தான் கிடந்தது. இது அவையள் எங்களுக்குச் சொல்லுற சொல் எண்டெல்லோ நினைச்சிருந்தன்."

பிறகு, "கடைசியிலை அவளுக்கு என்ன நடக்குது?" என்று கேட்டார்.

கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பொய் சொல்ல வரவில்லை.

"கப்பலிலை ஏத்தி நாடு கடத்துறாங்கள்."

"ஓம்," என்றார். "எண்டாலும் சொல்லிப்போட்டுத்தானே போறாள்."

அடுத்த கிழமையிலிருந்து அவர் வரவில்லை. வேலை மாறியிருக்கலாம். பொலிஸ் பிடித்து அனுப்பியுமிருக்கலாம். அவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனாரா, சொல்லாமலே போனாரா என்று எனக்குத் தெரியாது.