ஹெத்விகா வீட்டில் ஒரு கட்டில்

செக் நாட்டு ஒலொமோட்ஸ் நகரத்துக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மடலேனாவைப் பார்த்தாலே பெனடிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்ச்சுகலில் இருவரும் ஒரே ஊர், ஒரே வகுப்பு. இந்தப் பரிமாற்றப் படிப்பைத் தேடிப் பிடித்தவள் பெனடிதா. ஒரு வருடம் உட்கார்ந்து செக் மொழி படித்தவளும் அவள்தான். மடலேனா, "நீ போறியா, அப்ப நானும் வரேன்" என்று கடைசி நாளில் கையெழுத்துப் போட்டவள். இங்கே வந்த பிறகு பெனடிதா இலக்கணம் பிசகாமல் பேசினாள். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மடலேனாவோ வணக்கத்துக்குச் சொல்லும் "அஹோய்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்காரியை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தாள். இது என்ன நியாயம்?

ஹெத்விகா விஷயத்தில்தான் வயிறு நிஜமாகவே எரிந்தது. புதிதாக வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் நியமித்த மாணவி அவள். ஆற்றோரத்தில் இருக்கும் தன் வீட்டில் ஒரு கட்டில் காலியாகிறது, அக்டோபர் முதல் தேதி உங்களில் ஒருத்தி வரலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பெனடிதாவுக்குக் கட்டில்கூடப் பெரிதில்லை. இந்த ஊரில் யாராவது ஒருத்தர் தன்னைத்தான் வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஹெத்விகாவோ எங்கே போனாலும் மடலேனாவின் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஹெத்விகா இருவரையும் தன் அப்பாவிடம் காளான் பறிக்கக் கூட்டிப் போனாள். செப்டம்பர் சனிக்கிழமையில் காட்டுக்குப் போகாதவனுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் அந்தப் பக்கம் நினைப்பார்கள். அப்பா ஓல்த்ரிக் ஆளுக்கொரு பிரம்புக் கூடையும் கத்தியும் கொடுத்துவிட்டு, மரங்கள் தொடங்கும் இடத்தில் நின்றார். அவர் பேசியதை ஹெத்விகா மடலேனாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பொண்ணுங்களா, இந்த இடத்தை நான் கூடப்பிறந்தவனுக்கே சொன்னதில்ல. உங்க வாயிலேர்ந்தும் வரக் கூடாது."

"செத்தாலும் சொல்ல மாட்டோம்," என்றாள் மடலேனா.

"நீயா? தூக்கத்துலயே உளறுவியே," என்று ஹெத்விகா அவள் காதைத் திருகினாள்.

பெனடிதா புத்தகம் பார்த்துக் காளான் பெயர்களை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். என்ன பிரயோசனம்? அவள் கூடையிலிருந்ததை ஓல்த்ரிக், "இது விஷம், இது புழு, இது சும்மா கசக்கும்" என்று ஒவ்வொன்றாக வெளியே எறிந்தார். மடலேனா வேர் தடுக்கி விழுந்தாள். விழுந்த இடத்தில், மூக்குக்கு நேரே, குழந்தைத் தலை அளவுக்கு ஒரு பழுப்புக் காளான். "இருபது வருஷத்துல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல," என்று மனிதர் அவளைத் தட்டிக்கொடுத்தார். படித்தவள் நான், விழுந்தவளுக்குப் பாராட்டா என்று பெனடிதா குமைந்துபோனாள்.

திங்கட்கிழமை விடுதிச் சமையலறையில் அந்தக் காளான் படம் கைக்குக் கை போனது. மடலேனா அங்கே இல்லை. எல்லோரும் அவள் புகழையே பாடினார்கள்.

"இதுல என்ன அதிசயம்? அங்க யார் போனாலும் கிடைக்கும்," என்றாள் பெனடிதா. பேருந்து எண், கடைசி நிறுத்தம், தேவாலயத்துக்குப் பின்னால் இடப்பக்கப் பாதை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துச் சிரித்தாள். "யாராவது கேட்டா மடலேனா சொன்னான்னு சொல்லிடுங்க."

அடுத்த சனிக்கிழமை பதினான்கு பேர் பிளாஸ்டிக் பைகளோடு போனார்கள். ஒன்று விடாமல் பிடுங்கி, தரையெல்லாம் மிதித்துத் துவம்சம் செய்துவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஹெத்விகா விடுதி அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா நேத்து சாப்பிடவே இல்ல. யாரு சொன்னது? மடலேனாங்கறாங்க."

மடலேனா யோசித்தாள். முகம் சிவந்துபோனது. "எனக்கு ஞாபகமில்ல ஹெத்வி. ஆனா எல்லார்கிட்டயும் வாய் ஓயாம பேசினேன். நானாத்தான் இருக்கும். அப்பாகிட்ட நானே வந்து சொல்றேன்."

"பெனடிதா, நீ?"

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

கட்டில் பெனடிதாவுக்குக் கிடைத்தது. முதல் தேதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வாரச் சனிக்கிழமை காலையில் ஹெத்விகா வாசலில் இரண்டு கூடைகளை எடுத்து வைத்தாள். பெனடிதா அவசரமாகக் காலணியை மாட்டினாள்.

"நீ இல்லப்பா. அப்பா வேற இடம் கண்டுபிடிச்சிருக்கார். மடலேனாவை மட்டும் கூட்டிட்டு வரச் சொன்னார்."

"அவளையா? அவதானே எல்லாத்தையும் கெடுத்தா?"

"அன்னிக்கே போய் அவர் முன்னாடி நின்னு அழுதாளே. சூடு கண்ட பூனை, இனிமே வாய் திறக்க மாட்டாங்கறார். செஞ்சதை ஒத்துக்கிட்டவளை நம்பலாமாம்."

"என்னைப் பத்தி என்ன சொன்னார்?"

"உன்னைப் பத்தியா? ஒண்ணும் சொல்லலையே. ஏன்?"

கீழே தெருவில் நின்று மடலேனா கூப்பிட்டாள்: "பெனே, உனக்கும் பங்கு கொண்டு வரேன்டி."

நான்தான் சொன்னேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். கட்டில் போகும், போனால் போகட்டும். ஆனால் அதைச் சொன்னால் மடலேனா இன்னும் ஒரு படி மேலே ஏறிவிடுவாள். செய்யாத தப்புக்கு அழுதவள் என்று அந்தக் குடும்பமே அவளைத் தலையில் வைத்துக்கொள்ளும். அதைத்தான் பெனடிதாவால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது," என்று சொல்லிவிட்டுக் காலணியைக் கழற்றினாள்.