அண்ணன் சுமந்த பதினான்கு மாதங்கள்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிவிட்டது. திதிக்கு வந்திருந்து, சாப்பிட்டுவிட்டு இந்த நினைவு மலரையும் கையில் வாங்கிக்கொண்டு போகிற சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் வங்கி நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணிதான் என்னை எழுதச் சொன்னார். "வீட்டுலயே நீதான் வாயாடி, நீயே எழுதிடு" என்றார். வாயாடிதான். ஆனால் பேச வேண்டிய ஓர் இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது போலகம் கிராமத்தில். அப்பாவுக்கு வயல் கூலி. இருந்த இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு காரைக்காலில் கல்லூரிப் படிப்பை முடித்தார். மூன்றாவது முறை எழுதிய தேர்வில் வங்கி வேலை கிடைத்து, திருமலைராயன்பட்டினத்துக் கிளையில் கவுண்டரில் உட்கார்ந்தார். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவத்தைத் தானே நிரப்பிக் கொடுப்பார். வரிசையை மீறிக் கை நீட்டினால் மட்டும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சத்தம் போட்டுவிடுவார்.

காலையில் டீக்கடைக்குப் போனால் பேப்பரில் யாரும் தொடாத பொருளாதாரப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். சுற்றி நாலு பேர் கேட்பார்கள். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருந்த ஊர் அது. டாலர், எண்ணெய் விலை எல்லாம் அவர்கள் வீட்டுச் சமாச்சாரம். ஜோசியரிடம் கேட்பதுபோல அண்ணனிடம் கேட்பார்கள். அண்ணனுக்கும் அதில் ஒரு பெருமை.

2008-இல் அமெரிக்காவில் பெரிய வங்கி ஒன்று திவாலானபோது, மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையை வாசலில் வைத்துவிட்டுக் கவுண்டருக்கு ஓடி வந்தாராம்.

"சார், அமெரிக்காவுல பேங்கு கவுந்துடுச்சாமே! எம் பணம் இருக்காங்க?"

"அங்க வூடு வாங்குனவன் கடனைக் கட்டல. அந்தக் கடனை ஆளுக்கு ஆள் வாங்கி வித்திருக்கானுங்க. எல்லாரும் சேந்து மாட்டிக்கிட்டானுங்க. நம்ம பணத்துக்கு ஒண்ணும் ஆவாதும்மா, நீங்க போயி யாவாரத்தப் பாருங்க."

பின்னால் நின்றவர்களும் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அண்ணன் சொன்னபடிதான் நடந்தது. அதிலிருந்து உலகப் பொருளாதாரமே தனக்குப் பிடிபட்டுவிட்டதாக அண்ணன் நினைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அப்போது என் கணவர் துபாயில் கட்டட வேலையில் இருந்தார். வேலை குறைந்துபோய், கம்பெனி ஒரு அறிவிப்பு ஒட்டியது. விருப்பப்பட்டவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு இப்போதே ஊருக்குப் போகலாம், மற்றவர்கள் காத்திருக்கலாம் என்று. இவர் வங்கிக்கே போன் போட்டு, "மச்சான், வந்துடட்டுமா, இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"இருங்க மாப்ள. ஆறு மாசத்துல எந்திரிச்சிடும். அவ்வளவு பெரிய ஊரு, அப்புடியே படுத்துடுமா?" என்றார் அண்ணன்.

படுத்துவிட்டது. இரண்டே மாதத்தில் கம்பெனியை மூடிவிட்டு முதலாளி எங்கோ போய்விட்டார். பாஸ்போர்ட்டெல்லாம் கம்பெனியிடம். சம்பளம் இல்லை, டிக்கெட் இல்லை. பதினான்கு மாதம் முகாமில் கிடந்தார். அதற்குள் என் மாமியார் இறந்துபோனார். ஒரே மகன் கொள்ளி வைக்க வர முடியாமல், பங்காளி ஒருவர் வைத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அண்ணன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். "உங்க பேச்சக் கேட்டுத்தானே இருந்தாரு!" என்று நானும் அவர் முகத்துக்கு நேராகவே கத்தினேன். ஊரும் அதையேதான் பேசியது.

கணவர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். வந்த வாரமே என்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி அழுதார். அண்ணனுக்குப் போன் போட்டதற்கு முதல் நாளே, "இருக்கிறேன்" என்று கம்பெனித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இன்னும் ஒரு வருடம் இருந்தால் வீட்டுக்கு மேல்தளம் போட்டுவிடலாம் என்ற ஆசை. மனசுக்கு ஒரு தைரியம் வேண்டித்தான் அண்ணனைக் கேட்டிருக்கிறார். "மச்சான்கிட்ட சொல்லிடுறேன்" என்று கிளம்பியவரைத் தடுத்தவள் நான்.

ஏன் தடுத்தேன்? புருஷன் மேல் கோபப்பட்டால் குடும்பம் என்னாவது? அண்ணன் மேல் கோபப்பட்டால் எதுவும் ஆகாது. திட்டினாலும் மறுநாள் மீன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். அந்தத் தைரியத்தில் பழியை அவர் தலையிலேயே விட்டுவிட்டேன்.

அவள் அப்பா வரட்டும் என்று தள்ளிப் போட்டிருந்த என் மகளின் காதுகுத்தை அந்தத் தை மாதம் வைத்தோம். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், தாய்மாமன் உட்கார வேண்டிய பலகை காலியாகக் கிடக்கிறது. கோயில் குளத்துப் படியில் போய் உட்கார்ந்திருந்தார் அண்ணன்.

"அவ அப்பன பதினாலு மாசம் பிரிச்சு வச்சவன் நான். எம் மடியில வச்சா குத்தணும்?"

கணவர் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார். குழந்தையைவிட அதிகமாக அண்ணன்தான் அழுதார். தாய்மாமனுக்கே வலிக்குதுடோய் என்று கூட்டம் சிரித்தது. எனக்கு உண்மை தெரியும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அன்றோடு டீக்கடையில் பேப்பர் படிப்பதை அண்ணன் நிறுத்தினார். ஆனால் வீட்டில் ஒரு வரி விடாமல் படிப்பார். வெளிநாடுகளில் வட்டியைக் குறைக்கிறார்கள், நோட்டு அடித்து வங்கிகளைத் தூக்கி நிறுத்துகிறார்கள் என்று அண்ணியிடம் மட்டும் சொல்வார். டெபாசிட் வட்டி இறங்கி, ஓய்வு பெற்றவர்கள் வந்து என்ன செய்வது என்று கேட்டால், "வட்டி இன்னைக்கு இவ்வளவு. நாளைக்கு என்னாவும்னு எனக்குத் தெரியாதுங்க" என்பார். பணி ஓய்வு பெறும்வரை அதே பதில்தான்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு, காரைக்காலில் ஆஸ்பத்திரியே கதியென்று ஆனது. இறப்பதற்கு முந்தைய நாள் மாலை என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, நான் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா உங்கம்மா மொகத்தக் கடைசியா நீங்க பாத்திருப்பீங்க" என்றார். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடு என்பதுதான் அந்தப் பார்வை. நான், "இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்? தூங்குங்க" என்றேன். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். விடிந்தபோது அண்ணன் இல்லை.

இரத்தம் கொடுத்த வங்கித் தோழர்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பந்தல் பிரியும்வரை கூட இருந்த போலகத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணன் பேச்சைக் கேட்டுத்தான் மாப்பிள்ளை துபாயில் மாட்டிக்கொண்டார் என்று இனி யாரும் சொல்லாதீர்கள். அது பொய். பொய் என்று தெரிந்தே இத்தனை வருடம் அவரை அழ விட்டவள் நான். இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அண்ணி என்னைத் திட்டவில்லை. "அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா" என்று மட்டும் சொன்னார்.