சுவரில் எண்ணிய ஞாயிறு

புளித்த ரப்பர் பாலின் நாற்றம் கையை விட்டு எளிதில் போகாது. தேங்காய் நாரும் மண்ணும் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் நின்றுகொள்ளும், அந்தக் கையால் பிசைந்த சோற்றிலும் ஏறும். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாருக்கும் அப்பா என்றால் அந்த வாசனைதான். எனக்கு மட்டும் வாரத்தில் ஒரு நாள் அப்பாவின் கை சவர்க்காரமாக மணக்கும். அன்று அவர் மரத்தைத் தொடமாட்டார், பால் வெட்டும் கத்தியைத் தீட்டமாட்டார், அம்மாவை விறகு பொறுக்கவும் விடமாட்டார். எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது அந்த மணம்தான்.

தெஹியோவிட்டவில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். நான் சொல்வது அறுபதுகளின் பின்பாதி. அப்போது இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. இதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை, "சும்மா கதை விடாதீங்க அக்கா" என்கிறார்கள். அரசாங்கம் ஞாயிறை எடுத்துவிட்டு, நிலாவின் கால், அரை, முக்கால், முழுச் சுற்றில் வரும் பௌத்தர்களின் போயா நாளை வார விடுமுறையாக்கியிருந்தது. நிலா வளர்வதையும் தேய்வதையும் பார்த்து வாரம் ஒரு நாள் நீளும், ஒரு நாள் சுருங்கும். பள்ளிக்கூடமும், காலையில் வேலைக்குப் பேர் பதியும் தோட்டத்துப் "பெரட்டும்" போயாவைச் சுற்றியே நடந்தன. "போயா கழிஞ்சு மூணாம் நாள்" என்றுதான் பேச்சே தவிர, திங்கள் செவ்வாய் என்று யாரும் சொல்வதில்லை. பௌத்தர்களுக்கு அவர்களுடைய புனித நாள் கிடைத்ததில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. ஆனால் எங்கள் நாள் ஒரு சாதாரண வேலை நாளாகிப்போனது.

அப்பா மட்டும் அதை விடவில்லை. ஞாயிறு போயா கழிந்து எத்தனையாம் நாளில் விழுந்தாலும் பெரட்டுக்குப் போகமாட்டார், என்னையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார். போயாவுக்கு எல்லாரோடும் சேர்ந்து வீட்டிலிருப்பார், ஞாயிறுக்குத் தனியாக இருப்பார், அந்த ஒரு நாள் பேர் அவருக்கு விழாது, கூலியும் வராது. கங்காணி எங்கள் வாசலில் நின்று சத்தமாகக் கேட்பார்:

"என்ன ஆசீர்வாதம், எங்க மாரியாத்தா வருசத்துக்கு ஒருக்காத்தான் லீவு கேக்குறா. ஒங்க சாமி ஏழு நாளைக்கு ஒருக்கா கேக்குறாரே, அவருக்கு அவ்வளவு அலுப்பா?"

லயமே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். ஆனால் போகமாட்டார்.

ஞாயிறு எது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எங்கள் வீட்டில் நாட்காட்டி கிடையாது. கடைகளில் கொடுத்த நாட்காட்டிகளில் எல்லாம் முருகனோ லட்சுமியோ இருந்தார்கள், அதை வீட்டில் மாட்டுவது அப்பாவுக்கு ஆகாது. ஆகவே கதவுக்குப் பின்னால் சுவரில் அடுப்புக் கரியால் நாளுக்கு ஒரு கோடு போடுவார், ஏழாவது கோட்டின் மேல் ஒரு சிலுவை வரைவார். தோட்டத்தில் கிறிஸ்தவ வீடுகள் ஐந்து. ஐந்து வீட்டாரும் கிழமை கேட்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நாட்காட்டி வைத்திருந்த மற்றவர்களுக்குக் கிழமை தேவைப்படவில்லை. போதகர் மலைக்கு அப்பாலிருந்து, பஸ்ஸும் மழையும் விட்டால், மாதத்தில் ஏதோ ஒரு ஞாயிறு வருவார், வந்ததும் "வேதக்கோயில்" மணியை அடிப்பார். மற்ற ஞாயிறுகளில் எங்கள் வீட்டில்தான் ஜெபம்.

எனக்குப் பத்து வயதான வருடம் அப்பா காய்ச்சலில் விழுந்தார். போர்வைக்குள்ளிருந்தே "எஸ்தரு, கோடு போடுறத மறந்துறாத" என்றார். எனக்கு அது பெரிய உத்தியோகம். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் பாடத்தின் நடுவிலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயம்தான் கெடுத்தது. ஒரு நாள் காலையில் போட்டேன். மாலையில் அடுப்படியில் நின்றபோது, போட்டேனா இல்லையா என்று திகில் பிடித்தது. கேட்டால் திட்டு விழும் என்று ஓடிப்போய் இன்னொன்று போட்டேன். பிறகுதான் காலையில் போட்டது ஞாபகம் வந்தது. கரிக்கோட்டை அழித்தால் சுவரில் தீற்றல் நிற்கும். அழிக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

அந்த வாரம்தான் டவுன் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புப் பரீட்சைக்கு அறிவிப்பு வந்தது. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் அந்தப் பரீட்சைதான் ஒரே வாசல், தவறினால் தோட்டத்துப் பிள்ளைகளோடு புல் வெட்டத்தான் போக வேண்டும். மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார்: "வர்ற போயா கழிஞ்சு நாலாம் நாளுங்க. கட்டாயம் அனுப்பணும். இவ எழுதுனா கெடைக்கும்."

காய்ச்சல் விட்டு எழுந்திருந்த அப்பா சுவரைப் பார்த்து எண்ணினார். "அன்னைக்கு ஞாயித்துக்கெழமைங்க மாஸ்டர்."

"அரசாங்கமே ஞாயித்துக்கெழமைய எடுத்துருச்சு, நீங்க மட்டும் இன்னும் வச்சிருக்கீங்களே!"

"அரசாங்கம் எடுத்தது லீவத்தானுங்க. நாள எப்படி எடுப்பாங்க?"

மாஸ்டர் வீட்டில் நாட்காட்டி இருந்தது. ஆனால் கிழமையை ஆசீர்வாதம் சொல்லிவிட்ட பிறகு அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. அம்மா கெஞ்சினாள். நான் கதவுக்குப் பின்னால், அந்த இரண்டு கோடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அன்று சனிக்கிழமை என்றாகும், பரீட்சை கிடைக்கும், கூடவே அடியும் கிடைக்கும். அதைவிட, அப்பா என்னை இனி நம்பமாட்டார். நான் திறக்கவில்லை.

பரீட்சை நாளில் ஐந்து வீட்டாரும் எங்கள் வீட்டில் கூடி ஜெபம் செய்தோம். கண்ணை மூடினால் கேள்வித்தாள்தான் தெரிந்தது. மறுநாள் அப்பா வாளியோடு மலைக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு வாசலைத் தாண்டும்போது வேதக்கோயில் மணி அடித்தது.

முதலில் யாரோ செத்துப்போனதாக நினைத்தேன். மணி நிற்கவில்லை. போதகர் வந்திருந்தார். அது ஞாயிறு.

அப்பா மலையிலிருந்து ஓடி வந்தார். கையெல்லாம் பால், முழங்கை வரை வழிந்து காய்ந்திருந்தது. கழுவக்கூட நிற்காமல் அப்படியே கோயிலுக்குள் போனார். பிரசங்கம் தொடங்குமுன் எழுந்து நின்று, "நான் கர்த்தருடைய நாளில கத்தி பிடிச்சிட்டேன். என்ன நம்பி நாலு வீட்டாரும் பிடிச்சாங்க" என்றார். அன்று அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு அவர் போகவில்லை. அடுத்த முறையும் போகவில்லை. போதகர் தோளைத் தொட்டு, "தெரியாமச் செஞ்சதுதானே ஆசீர்வாதம்?" என்றார். அப்பா, "தெரியாம இல்லீங்கய்யா, சரியா எண்ணாம" என்றார்.

மாஸ்டரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு கடைத்தெருவில் ஒரு நாட்காட்டி வாங்கி, மேலே இருந்த படத்தை அளவாக வெட்டி, "கோவிச்சுக்காதீங்க" என்று கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தாள் கட்டை மட்டும் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார். மாஸ்டர் எங்கெங்கோ நடந்து அடுத்த வருடம் நான் எழுத அனுமதி வாங்கினார். அந்த வருடம் முழுவதும் ஐந்தாம் வகுப்பிலேயே இருந்தேன், அப்பா திருவிருந்தின்போது பின் பெஞ்சிலேயே இருந்தார். எல்லாரும் முன்னே போக, அவர் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பெண்கள் பக்கத்திலிருந்து பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடலாம் என்று எழுவேன், அப்படியே உட்கார்ந்துவிடுவேன்.

அடுத்த வருடப் பரீட்சை வியாழக்கிழமை. அப்பா மூன்று பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் என்னை அழைத்துப்போனார். எழுதிவிட்டுத் திரும்பும்போது, ரப்பர் மரங்களுக்கு நடுவில், இனி முடியாது என்று நின்றுவிட்டேன்.

"அப்பா, ஒரே நாளைக்கு ரெண்டு கோடு போட்டது நாந்தான். ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப."

அவர் திரும்பிப் பார்த்தார். அடிப்பார் என்று தோளைக் குறுக்கினேன்.

"இத வச்சிக்கிட்டா புள்ள, இத்தன நாளும் எம் பக்கத்துல முட்டி போட்ட?"

அவ்வளவுதான். அடி விழுந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். பிறகு, "பரீட்ச எப்படி?" என்று கேட்டார். நல்லாச் செய்தேன் என்றேன். அடுத்து போதகர் வந்த ஞாயிறு, கோயிலில் மறுபடி எழுந்து, "எங்க வீட்டுத் தப்ப நாங்க பேசித் தீத்துக்கிட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் திருவிருந்துக்குப் போனார். என் பெயரைச் சொல்லவில்லை.

சில வருடங்களில் ஞாயிறு விடுமுறை திரும்பி வந்தது. அன்று வேதக்கோயில் மணியை மாறி மாறி அடித்ததில் எங்கள் கைகள் சிவந்தன. அந்தப் பரீட்சையில் தேறி, மேலே படித்து, இப்போது நான் டவுனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வாலிபர் கூட்டங்களில் சூடான விவாதம் நடக்கிறது. ஞாயிறு காலையில் தியேட்டரை மூட வேண்டும், டியூஷன் வகுப்புகளைத் தடுக்க வேண்டும், அரசாங்கத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். நானும் பழைய போக்குக்காரிதான். ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலை மிதித்ததில்லை, ஒரு விடைத்தாளும் திருத்தியதில்லை. இருந்தும் அந்த மனுவில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கம் நாளை எடுத்தபோது ஐந்து வீடுகள் அதைக் கட்டிக்காத்தன. திருப்பிக் கொடுத்த பிறகு காத்தது யார்? என்னை "ரெண்டுங்கெட்டான்" என்கிறார்கள். இருக்கட்டும்.

அந்த ஐந்து வீடுகளில் மூன்று, தோட்டத்து மக்களைத் திருப்பி அனுப்ப இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டன. மிச்சமிருப்பவர்களுக்கு இப்போது ஞாயிறு முழுதாகக் கிடக்கிறது, யாரும் கேலி செய்வதில்லை, யாருக்கும் பேர் குறைவதில்லை. போன வாரம் டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறி, வேதக்கோயிலின் ஒன்பது மணி ஆராதனைக்கு எட்டு மணிக்கே போய்விட்டேன். முன் பெஞ்சில் அப்பா மட்டும் இருந்தார். ஒன்பதரைக்கும் நாங்கள் நான்கு பேர்தான். கீழே லயத்தில் எங்கள் ஆட்களின் ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. போதகர் வாசலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பா திரும்பாமலே சொன்னார்: "தொடங்குங்கய்யா. நாங்க வந்துட்டோம்."