இரண்டு பெயரோடு ஓடியவர்

லண்டன்காரர்கள் எதையெல்லாம் மலை என்பார்கள் என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. மோர்டனில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புல்மேட்டுக்கும் அந்தப் பட்டம்தான். கூரை திருத்தும் நிதிக்காக ஒவ்வொரு மாசியிலும் அங்கே ஓட்டப்போட்டி வைப்பார்கள். பிள்ளைகள் நின்று பார்க்க, வீட்டுப் பெரியவர்கள் ஓட வேண்டும். மேலே ஏறி, உச்சியில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றி இறங்க வேண்டும். அப்படி மூன்று சுற்று. எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம், போட்டிக்கு முதல் நாள் கணுக்கால் புதையப் பனி கொட்டியது. தண்டவாளத்தில் நாலு இலை விழுந்தால் ரயிலை நிறுத்திவிடுகிற நாடு, ஓட்டப்போட்டியை மட்டும் நிறுத்த மறுத்துவிட்டது.

அப்பாவுக்கு அன்றைக்கு ஷிப்ட். ஆகவே சித்தப்பா ஓடுவதென்று முடிவாயிற்று. அவர் அப்பாவின் தம்பி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். படிக்கிற காலத்தில் ஓடிப் பரிசு வாங்கியவர் என்று அப்பா சொல்வார். அந்தக் கதையை நான் வகுப்பில் கொஞ்சம் நீட்டி, இலங்கைக்காகவே ஓடியவர் ஆக்கிவிட்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவளின் தகப்பன் ஒரு தபால்காரர், போன வருடம் முதலாவதாக வந்தவர். என் மானம் முழுவதும் சித்தப்பாவின் காலில்தான் இருந்தது.

சித்தப்பாவுக்கு இரண்டு பெயர். வீட்டில் மோகன், மிச்சம் என்கிற பக்கத்து ஊரில் அவர் வேலை செய்த பெற்றோல் ஸ்டேஷனில் ராஜன். அவருடைய அகதி மனு நிராகரிக்கப்பட்டு அப்பீலில் கிடந்தது. சொந்தப் பெயரில் வேலை செய்ய அனுமதி இல்லாததால் ஒரு கூட்டாளியின் பெயரில் போய்வந்தார். பிடிபட்டால் பிளேனில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய விஷயம், எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜாக்கெற் கொடுப்பதுபோல ஒரு பெயரும் கொடுப்பார்களாக்கும் என்று நானே ஒரு விளக்கம் வைத்திருந்தேன். ரீச்சரிடம் மோகன் என்று பெயர் கொடுத்திருந்தோம். பள்ளிக்கூடத்து ஓட்டத்தில் என்ன வரப்போகிறது என்று வீட்டில் எல்லாரும் நினைத்திருக்க வேண்டும்.

அம்மா அவருக்குக் குளிருக்கு இரண்டு ஜம்பர் போட்டு, காதை மூடக் கம்பளித் தொப்பியும் மாட்டி அனுப்பினார். அரைக்காற்சட்டையோடு நின்ற வெள்ளைக்காரர்கள் நடுவில் அவர் கட்டிவைத்த பார்சல் மாதிரி நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஓட்டம் தொடங்கியதும் அந்த வெள்ளைக்காரர்கள் நீட்டி நீட்டி அடிவைத்து வழுக்கி விழுந்தார்கள். சித்தப்பா வயல் வரம்பில் போகிறவர்போலச் சின்னச் சின்ன அடியாக வைத்து ஏறினார். மூன்றாவது சுற்றில் கொடிக்குப் பக்கத்தில் தபால்காரரைத் தாண்டினார். நான் குதித்த குதியில் ஒரு கையுறை எங்கேயோ போய்விட்டது.

ரீச்சர் ஒலிபெருக்கியில், "மோகன் முன்னுக்கு வருகிறார்!" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு குரல், "கமோன் ராஜன்!" என்றது. பெற்றோல் ஸ்டேஷன் மேனேஜர். அவருடைய பேத்தி எங்கள் பள்ளிக்கூடம் என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. ரீச்சர் மோகன் என்கிறார், அவர் அதைவிடப் பலமாக ராஜன் என்கிறார். சனம் இரண்டையும் மாற்றி மாற்றிக் கூப்பிடத் தொடங்கியது. எல்லைக் கோட்டில் உள்ளூர்ப் பத்திரிகையின் படக்காரர் கமெராவோடு நின்றார். வெல்கிறவரின் படத்துக்குக் கீழே பெயர் போட வேண்டுமே. குழம்பிப்போய் என்னிடம் குனிந்து, இதில் எது சரியான பெயர் என்று கேட்டார்.

"இரண்டும்தான்" என்றேன்.

சித்தப்பா இறங்கி வந்துகொண்டிருந்தார். எங்களுக்கும் அவருக்கும் இடையில் ஒரு பஸ் நீளம்கூட இருக்காது. மேனேஜரைப் பார்த்தார், ரீச்சரைப் பார்த்தார், பிறகு கமெராவைப் பார்த்தார். அப்படியே நின்று, பனியில் ஒரு முழங்காலைக் குத்திக் குனிந்து, சப்பாத்தின் லேஸைக் கட்டத் தொடங்கினார். தபால்காரர் அவரைத் தாண்டிப் போனார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். நான் தொண்டை கிழியக் கத்தியும் அவர் நிமிரவில்லை.

ஐந்தாவதாக வந்த சித்தப்பாவின் முதுகில் மேனேஜர் தட்டி, ரீச்சர் உன் பெயரைப் பிழையாகச் சொல்கிறார் என்றார். சித்தப்பா சிரித்துவைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு போட்டியில் ஓடியதைவிட வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

"ஏன் நிண்டனீங்கள்?" அழுதுகொண்டே கேட்டேன்.

"லேஸ் அவிண்டிட்டுது, பிள்ளை."

கதவைத் திறந்த அம்மா, "என்ன, வெண்டாச்சே?" என்றார்.

"இல்லை அண்ணி, அஞ்சாவது." பிறகு குரலைத் தாழ்த்தி, மேனேஜர் வந்ததையும் படக்காரர் நின்றதையும் சொன்னார். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளையாரே" என்றார். அன்றைக்குத் தோற்றுப்போனவருக்குத்தான் பெரிய மீன்துண்டு விழுந்தது. வேலையால் வந்த அப்பாவும் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒரு தோல்விக்கு இந்த வீடு ஏன் இப்படிச் சந்தோசப்படுகிறது என்று எனக்கு விளங்கவேயில்லை. எல்லார்மேலும் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் குற்றம் சித்தப்பாவில் இல்லை, அந்த லேஸில்தான் என்று பட்டது.

என்னுடைய பள்ளிக்கூடச் சப்பாத்திலிருந்து நல்ல லேஸாகப் பார்த்து உருவி எடுத்தேன். சித்தப்பாவின் சப்பாத்துகள் ஹீற்றருக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கி மடியில் வைத்தேன். கரகரவென்று பிரித்து ஒட்டுகிற இரண்டு பட்டிகள் இருந்தன. லேஸ் கோக்கிற ஓட்டை ஒன்றுகூட இல்லை. மற்றதையும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் இல்லை.

சித்தப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் கையிலிருந்த லேஸை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த முறை இதாலை இறுக்கிக் கட்டுறன்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். எந்தச் சப்பாத்தில் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.